அழைப்பும் அமைப்பும்: அலுவலக இணையத் தொலைபேசியின் நிர்வாகமும் கோளாறு காணலும் பற்றிய சில குறிப்புகள்

1

தொழில்நுட்பம் பற்றி எழுதுவோருட் பலர் அதனைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துப் பொறியியலாளரின் தனிக்காணியாக நோக்குகின்றனர். சமூகவியல் நோக்கில் எழுதுவோரோ பொறியின் உள்ளியக்கத்தை அறிந்துகொள்ளாமலே அதன் 'தாக்கம்' பற்றிப் பேசிவிடுகின்றனர். இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்களாகும். உழைப்புக் கருவி ஒன்றினை விளங்கிக்கொள்ள வேண்டுமெனில் அது எவ்வாறு இயங்குகின்றது, எவ்விடத்தில் முறிகின்றது, முறியும்போது அதனைச் சீர்செய்பவர் யார், அவருக்கு அந்த அறிவு எங்கிருந்து கிடைத்தது என்ற வினாக்களை ஒருசேர எழுப்புதல் வேண்டும். அலுவலகங்களிற் பயன்படும் இணையவழித் தொலைபேசி முறைமையை இந்நோக்கில் அணுக முற்படுகின்றோம். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது அஸ்ரெறிஸ்க் எனும் மென்பொருளாகும். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாமாதலால் ஆய்வாளருக்கு அது வாய்ப்பானது.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அலுவல் என வினவப்படலாம். இம்முறைமையிற் கருவிகள் ஒன்றுடனொன்று பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைகள் யாவும் வாசிக்கத்தக்க எழுத்திலேயே அமைந்துள்ளன. கோளாறு காணல் என்பது பெரும்பாலும் பாட ஒப்பீடாகவே முடிகின்றது. ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் காண்பவருக்கு இவ்வேலை முற்றிலும் அந்நியமானதன்று.

2

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி இணைப்பகம் தொடங்கிற்று. தந்தி அலுவலகங்களின் வழக்கத்தையொட்டி ஆரம்ப இணைப்பகங்களில் இளம் பையன்களே அமர்த்தப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் பொஸ்ரன் நகர இணைப்பகத்தில் எம்மா நட் முதலாவது பெண் இயக்குநராகச் சேர்ந்தார்; சில ஆண்டுகளுள் அத்தொழில் ஏறக்குறைய முழுமையாகப் பெண்களுடையதாயிற்று. பையன்கள் துடுக்காகப் பேசினர் என்பது கம்பனி வரலாறுகள் கூறும் காரணம். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்ற காரணம் அவ்வரலாறுகளிற் சற்று மெதுவாகவே ஒலிக்கின்றது. அப்பெண்கள் சொல்ல வேண்டிய வசனங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. அவற்றைச் சொல்லுகிறார்களா என்று மேற்பார்வையாளர் இடையிற் புகுந்து ஒட்டுக்கேட்பது தொழிலின் அன்றாட ஒழுங்காயிருந்தது. இதனை இவ்விடத்து மனங்கொள்க. பின்னர் மீண்டும் எதிர்ப்படும்.

1919 ஏப்ரலில் ஜூலியா ஓகொனரின் தலைமையில் நியூ இங்கிலாந்துப் பகுதித் தொலைபேசி இயக்குநர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆறு நாட்கள் அப்பகுதியின் பெரும்பாகத்தில் தொலைபேசிச் சேவை நின்றது. கூலி உயர்வும் பேரம்பேசும் உரிமையும் வென்றெடுக்கப்பட்டன. அதே ஆண்டின் பிற்பகுதியில் வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரில் பெல் அமைப்பு தனது முதலாவது பெரிய தன்னியக்க இணைப்பகத்தைத் திறந்தது. வேலைநிறுத்தத்துக்கு விடையாகவே தன்னியக்கம் வந்தது எனச் சுருக்கிக் கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். தன்னியக்க இணைப்பியை அல்மன் ஸ்ரோஜர் 1889 அளவிலேயே கண்டறிந்து 1891இற் காப்புரிமையும் பெற்றிருந்தார். அழைப்புகளின் பெருக்கமும் ஆட்பற்றாக்குறையும் இம்மாற்றத்தைத் தூண்டின. ஆயினும் கைக்கெட்டும் தூரத்திற் கிடந்த பொறி ஒன்றினை மூலதனம் எப்பொழுது கையிலெடுக்கின்றது என்ற வினாவுக்குக் கூலிப் போராட்டத்தைப் புறந்தள்ளி விடை காண இயலாது.

நகரத்து இணைப்பகத்தின் சிற்றுருவே அலுவலகக் கிளை இணைப்பகம். ஐம்பது மேசைகளுக்கு ஐம்பது வெளித் தொடர்புகள் வேண்டியதில்லை. எட்டோ பத்தோ போதும், எஞ்சியவை உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்பதே அதன் பொருளாதாரம். முதலில் வரவேற்பறையில் அமர்ந்த பெண் இழைகளைச் செருகி இணைத்தார். பின்னர் சுவரிற் பூட்டிய பெட்டி அவ்வேலையைச் செய்தது. அப்பெட்டியின் உள்ளே நடப்பதை விற்ற கம்பனி மட்டுமே அறியும். பெரும்பாலும் அக்கம்பனியின் தொலைபேசியே அதிற் பொருந்தும். ஒரு மேசையை அடுத்த அறைக்கு மாற்றுவதற்கும் அக்கம்பனியின் ஆள் வந்து கட்டணம் வாங்கிச் செல்வார்.

1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர், லினக்ஸ் பயனர்க்கு உதவும் சிறு நிறுவனம் ஒன்றினை 4000 டொலருடன் தொடங்கினார். கிளை இணைப்பகம் வாங்க அப்பணம் போதவில்லை. ஆகவே சாதாரணக் கணினியில் இயங்கும் இணைப்பகம் ஒன்றினைத் தாமே நிரலாக எழுதி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். அதுவே அஸ்ரெறிஸ்க். பல நாடுகளைச் சேர்ந்த நிரலாளர்கள் அதனை வளர்த்தனர். ஸ்பென்சரின் நிறுவனம் பின்னர் டிஜியம் எனப் பெயர் மாறிற்று. 2018இற் கனடாவின் சங்கோமா கம்பனி அதனை வாங்கியது. பொது உழைப்பின் விளைவு கம்பனியின் சொத்துப் பட்டியலில் இடம்பெறுவதை இங்குக் காண்கின்றோம். ஆயினும் உரிமத்தின் இயல்பினால் வெளியிடப்பட்ட நிரலைத் திரும்பப் பறித்துக்கொள்ளக் கம்பனியால் முடியவில்லை. இம்முரண்பாடு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

3

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கிடையே ஒரு பாதை முழுமையாக ஒதுக்கப்பட்டது. இருவரும் மௌனமாயிருந்தாலும் அப்பாதை அவர்களுடையதே. இணையவழியில் அவ்வொதுக்கீடு இல்லை. குரல் சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரி எழுதிய பொதியாக, மின்னஞ்சலும் கணக்கறிக்கையும் திரைப்படமும் செல்லும் அதே வழியிற் செல்கின்றது. தகவலைப் பொதிகளாக அனுப்பும் கருத்து 1960களில் அமெரிக்காவில் போல் பரன், பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸ் ஆகிய இருவராலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது. முன்னவரது ஆய்வுக்குப் படைத்துறைத் தேவையே பின்புலமாயிருந்தது.

ஓர் அழைப்பில் இரு ஓட்டங்கள் உள்ளன என்பதை நிர்வாகி முதலில் அறிதல் வேண்டும். ஒன்று சமிக்ஞை: யார் யாரை அழைக்கின்றார், மணி அடிக்கின்றதா, எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்பன. இதற்குரிய நெறிமுறை சிப் எனப்படும். 1999இல் வெளியாகி 2002இற் பெரிதும் திருத்தப்பட்டது. மற்றது குரல், அது ஆர்.ரி.பி. எனும் வேறொரு நெறிமுறையில், வேறு வாயில்கள் வழியே, சில வேளைகளில் வேறு பாதையிலும் செல்லும். சமிக்ஞை வழமையாக 5060ஆம் வாயிலிற் செல்லும். குரலுக்கு அஸ்ரெறிஸ்க்கின் வழமையான ஒதுக்கீடு 10000 தொடக்கம் 20000 வரையான வாயில்கள். மணி அடித்தும் குரல் கேளாமை என்ற, புதியவரைத் திகைக்க வைக்கும் நிலை இப்பிரிவினையின் விளைவேயாகும்.

குரலின் கணக்கும் தெரிந்திருத்தல் நன்று. ஜி.711 எனும் குறிமுறையிற் குரல் செக்கனுக்கு 8000 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிற்றுகளாக எழுதப்படுகின்றது; ஆகச் செக்கனுக்கு 64 கிலோபிற். வழமையாக 20 மில்லிசெக்கன் குரல் ஒரு பொதியில் அடைக்கப்படுமாதலால் செக்கனுக்கு 50 பொதிகள். ஒவ்வொன்றிலும் 160 பைற் குரலும் 40 பைற் தலைப்பும் இருக்கும். எனவே ஒரு திசைக்கு 80 கிலோபிற். உள்ளூர் வலையமைப்பின் சட்டகத்தையுஞ் சேர்த்தால் ஏறத்தாழ 87. ஜி.729 குறிமுறை குரலை 8 கிலோபிற்றாகச் சுருக்குகின்றது. தலைப்புகள் சுருங்காமையால் நடைமுறையில் 24 கிலோபிற் வேண்டியிருக்கும். கடிதத்தைவிட உறை பாரமாயிருக்கும் நிலை இது. இக்குறிமுறை மீதான காப்புரிமைகள் 2017இற் காலாவதியாகும்வரை அதனைப் பயன்படுத்தத் தடமொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மனிதக் குரலைச் சுருக்கும் கணிதத்துக்கும் குத்தகை இருந்தது என்பது இலக்கண மாணவருக்குச் சற்று வியப்பளிக்கலாம்.

4

கோளாறு ஒன்று முறையிடப்படும்போது கருவியைத் தொடுமுன் சில வினாக்களைத் தொடுக்க வேண்டும். ஒரு தொலைபேசிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? உள்ளழைப்பிலா, வெளியழைப்பிலா? எப்பொழுதுமா, சில வேளைகளில் மட்டுமா? எந்தத் திசையிற் குரல் கெடுகின்றது? நேற்றுவரை சரியாயிருந்ததெனின் நேற்றைக்கும் இன்றைக்குமிடையில் மாறியது யாது? 'தொலைபேசி வேலை செய்யவில்லை' என்னும் பயனரின் கூற்று உண்மையே. ஆயின் அது ஒரு தலைப்பு மட்டுமே. முறையிடுபவரைப் பொறுமையாகக் கேட்கத் தெரியாத நிர்வாகி, எத்தனை நெறிமுறைகளைக் கற்றிருந்தாலும், தவறான இடத்தையே தோண்டுவார்.

ஒருவழிக் குரல் இத்துறையின் செவ்வியல் நோய் எனலாம். அழைப்பு இணைகின்றது, நாம் பேசுவது மறுமுனைக்குக் கேட்கின்றது, அவர் பேசுவது எமக்குக் கேட்பதில்லை. காரணம் முகவரியில் உள்ளது. அலுவலகத்துக் கருவிகள் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள்முகவரிகளைக் கொண்டவை. இம்முகவரிகள் வெளியுலகிற் செல்லுபடியாகா. ஆயிரம் அலுவலகங்களில் ஒரே முகவரி இருக்கலாம். வெளியே செல்லும் ஒவ்வொரு பொதியின் உறையிலும் ரவுற்றர் உள்முகவரியை அழித்துப் பொது முகவரியை எழுதுகின்றது. ஆனால் சிப் செய்தியின் உள்ளே, கடிதத்தின் உடற்பகுதியில், 'எனது குரலை இந்த முகவரிக்கு அனுப்புக' என்று இன்னொரு தடவை முகவரி எழுதப்பட்டிருக்கும். ரவுற்றர் உறையை மாற்றுகின்றது, கடிதத்தை வாசிப்பதில்லை. மறுமுனையிலிருப்பவர் கடிதத்தில் உள்ளபடி 192.168 என்ற முகவரிக்குக் குரலை அனுப்புகின்றார்; அது எங்கும் போய்ச் சேர்வதில்லை.

இதற்குரிய பரிகாரம் சேவையகத்துக்கு அதன் பொது முகவரி யாது, உள்வலையமைப்பு எது என்ற இரண்டையும் தெரிவித்தலாகும். அதன்பின் அது கடிதத்தினுள்ளும் சரியான முகவரியை எழுதும். குரல் வாயில்களையும் தீச்சுவரில் திறந்துவிடல் வேண்டும். கருவிகள் சேவையகத்தைத் தவிர்த்துத் தமக்குள் நேரடியாகக் குரல் பரிமாறுவதைத் தடுப்பதும், வெளியூரிலிருந்து இணையும் தொலைபேசிகளைப் பொறுத்தவரை, பயன் தரும். இதனோடு தொடர்புடைய வேடிக்கையொன்றுண்டு. பல ரவுற்றர்கள் இந்நோய்க்கு மருந்தாகச் சிப் செய்திகளைத் திறந்து தாமே திருத்தும் வசதியைக் கொண்டுள்ளன. அவ்வசதி அரைகுறையாகத் திருத்திப் புதிய கோளாறுகளை உண்டாக்குவதால், அதனை நிறுத்திவிடுவதே அனுபவமுள்ள நிர்வாகிகளின் முதல் வேலை. பாடத்தை விளங்காமல் திருத்திய ஏடெழுதுவோரைத் தமிழாய்வு நன்கறியும்.

இன்னொரு கோளாறு தனது அடையாளத்தை நேரத்திலேயே எழுதி வைத்திருக்கின்றது. அழைப்பு இணைகின்றது, இருவருக்கும் குரல் தெளிவாகக் கேட்கின்றது, ஆனால் ஏறத்தாழ அரை நிமிடத்திற் துண்டிக்கப்படுகின்றது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் 32 செக்கன். சிப் முறையில் அழைப்பவர் 'வருக' என அழைப்பு விடுக்கின்றார். மறுமுனை ரிசீவரை எடுத்ததும் 'சம்மதம்' என 200ஆம் இலக்க விடை செல்கின்றது. அழைத்தவர் அவ்விடை கிடைத்தது என ஓர் ஏற்புச் செய்தி அனுப்புதல் வேண்டும். இம்மூன்றாவது செய்தி வந்து சேராவிடின், விடையளித்த பக்கம் தனது சம்மதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். நெறிமுறையின் அடிப்படைக் காலம் அரைச் செக்கன். அதன் 64 மடங்கு, அதாவது 32 செக்கன், கடந்தும் ஏற்பு வராவிடின் அழைப்பைக் கைவிடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் எதையும் அறியார். நிர்வாகி 32 என்ற இலக்கத்தைக் கண்டதும் குரலை விட்டுவிட்டு, ஏற்புச் செய்தி எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்று தேடத் தொடங்குவார். மீண்டும் அதே முகவரிச் சிக்கலே பெரும்பாலும் வெளிப்படும்.

இத்தேடலுக்குப் பொதிகளைப் பிடித்து வாசிக்கும் கருவிகள் உள்ளன. 1998இல் வேறொரு பெயரில் தோன்றி 2006 முதல் வயர்ஷார்க் என வழங்கும் திறந்த மென்பொருள் பரவலாக அறியப்பட்டது. அழைப்பொன்றின் செய்திகளை ஏணிப்படிபோல் அடுக்கிக் காட்டும் சிறு கருவிகளும் உண்டு. சேவையகத்தின் வாயிலிலும் ரவுற்றரின் வெளிப்புறத்திலும் ஒரே அழைப்பைப் பதிந்து இரு பிரதிகளையும் ஒப்பிட்டால், எந்த வரி எவ்விடத்தில் மாறிற்று என்பது புலனாகும். செய்திகளின் விடை இலக்கங்களும் வழிகாட்டுவன. 401 என்பது 'நீர் யாரென நிரூபியும்' எனக் கேட்பது. முதலாவது பதிவின்போது அது வருவது இயல்பே, திரும்பத் திரும்ப வருமாயின் கடவுச்சொல் தவறு. 404 எனின் அப்படியோர் இலக்கம் இல்லை. 486 மறுமுனை பேச்சில் இருப்பது. 488 இரு தரப்புக்கும் பொதுவான குறிமுறை இல்லாமை. இருவர் சந்தித்தும் பொதுமொழி இல்லாத நிலை.

குரல் விட்டுவிட்டுக் கேட்டலைப் பொறுத்தவரை திசையைக் கவனித்தாற் போதும். அவர்கள் பேசுவது எமக்குத் தெளிவு, நாம் பேசுவது அவர்களுக்கு வெட்டுண்டு கேட்கின்றது எனின், வெளிச்செல்லும் பாதை நெருக்கடியில் உள்ளது. பல இணைப்புகளில் உள்வரும் வேகத்தைவிட வெளிச்செல்லும் வேகம் மிகக் குறைவு. ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கினாற் குரல் வரிசையிற் பின்தள்ளப்படும். தாமதமாக வந்த குரற் பொதி பயனற்றது. சொல் கடந்து போன பின் அதன் நடு எழுத்து வந்து என்ன பயன்? எனவே குரற் பொதிகளுக்கு முன்னுரிமைக் குறியிடுவதும், தொலைபேசிகளுக்குத் தனியான மெய்நிகர் வலையமைப்பு அமைப்பதும் வழக்கம். ஒருதிசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பின் பெரும்பாலான உரையாடல்கள் பாதிக்கப்படா என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கப்பாற் சென்றால் இருவரும் ஒரே வேளையிற் பேசத் தொடங்கி, ஒரே வேளையில் நிறுத்துவர்.

எதிரொலி பற்றி ஒரு சொல். தனது குரலே தனக்குத் திரும்பக் கேட்கின்றது என முறையிடுபவரின் கருவியைத்தான் எவரும் முதலில் மாற்றுவர். பெரும்பாலும் எதிரொலி பிறப்பது மறுமுனையில். அங்குள்ள பழைய இருகம்பி இணைப்பிலோ, ஒலிபெருக்கியை வாங்கும் ஒலிவாங்கியிலோ. அது எப்பொழுதும் இருந்ததே. பொதிகளின் தாமதம் அதனைக் கேட்கச் செய்துவிட்டது. 'ஒன்றை அழுத்துக' என்று கேட்கும் தன்னியக்கக் குரலுக்கு எமது அழுத்தம் விளங்காமற் போவதும் இத்தகையதே: சுருக்கப்பட்ட குரற் பாதையில் விசைகளின் தொனி சிதைவதால், அதனைத் தனி நிகழ்வுச் செய்தியாக அனுப்ப இருபக்கமும் உடன்பட்டிருத்தல் வேண்டும்.

5

பழைய தொலைபேசிக்கு இணைப்பகமே 48 வோல்ற் மின்சாரத்தை அனுப்பியது. ஊர் இருண்டாலும் அது பேசிற்று. இணையத் தொலைபேசி அவ்வாறன்று. கருவி, சுவிச், ரவுற்றர், சேவையகம், இணைய வழங்குநரின் கருவி ஆகிய ஐந்தில் ஒன்றுக்கு மின்சாரம் இல்லாவிடினும் அது வாய் மூடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நினைவுகூர்ந்தால் இது வெறும் தொழில்நுட்ப விபரம் அன்றென்பது விளங்கும். வலையமைப்பு வடத்தின் வழியே தொலைபேசிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிச்சைப் பயன்படுத்தி, அச்சுவிச்சையும் ரவுற்றரையும் சேவையகத்தையும் மாற்று மின்வழங்கியிற் பூட்டுவது நிர்வாகி செய்யக்கூடியது. அந்த மின்கலங்கள் எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஆண்டுக்கொரு முறையாவது இழுத்துப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. பிரித்தானியாவிற் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் மூடுவதென முதலில் தீர்மானிக்கப்பட்டிருந்தது. தனியே வாழும் முதியோரின் அவசர அழைப்புக் கருவிகள் அவ்வலையமைப்பையே நம்பியிருந்தமை எதிர்ப்பட்டபோது, 2024இல் அக்காலக்கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டது.

அவசர அழைப்பு பற்றிய இன்னொரு நிகழ்வு நிர்வாகிகள் யாவரும் அறியவேண்டியது. 2013 டிசெம்பரில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து விடுதியொன்றிற் பெண்ணொருவர் தாக்கப்பட்டார். அறையிலிருந்த அவரது ஒன்பது வயது மகள் நான்கு தடவை 911ஐ அழைத்தாள். வெளித்தொடர்புக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது விடுதி இணைப்பகத்தின் விதி. அது குழந்தைக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். அவர் பெயரால் 'காரி சட்டம்' 2018இல் நிறைவேறி 2020 பெப்ருவரியில் நடைமுறைக்கு வந்தது: பல இணைப்புகள் கொண்ட முறைமைகளில் முன்னிலக்கம் எதுவுமின்றி நேரடியாக 911ஐ அழைக்க வழியிருத்தல் வேண்டும். அழைப்பு வழிப்படுத்தும் கோப்பில் இது ஒரேயொரு வரி. எந்தச் செலவும் இல்லை. பல தசாப்தங்களாக எழுதப்படாதிருந்த வரி அது.

இணையத் தொலைபேசியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்கின்றது. கருவியைக் கழற்றி வேறு நகரத்திற் பூட்டினாலும் அதே இலக்கத்தில் இயங்கும். அவசர சேவைக்குத் தெரியவருவதோ பதிவிலுள்ள தலைமையலுவலக முகவரி. எந்தக் கருவி எந்த மாடியில், எந்த அறையில் உள்ளது என்ற பட்டியலைப் புதுப்பித்து வைத்திருப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் நிர்வாகியின் வேலைகளில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுவே.

6

களவு பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். இணையத்திற்குத் திறந்துவிடப்பட்ட சிப் சேவையகத்தை மிகச் சில மணித்தியாலங்களுள் தன்னியக்க நிரல்கள் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். 1001 என்ற உள்ளக இலக்கத்துக்கு 1001 என்றே கடவுச்சொல் வைத்திருப்பவர் எங்கும் உண்டு. நுழைந்தவர்கள் வார இறுதியில், அலுவலகம் மூடியிருக்கையில், வருவாயிற் பங்கு தரும் வெளிநாட்டு உயர்கட்டண இலக்கங்களுக்கு இடைவிடாது அழைப்பர். கட்டணச் சீட்டு அடுத்த மாதம் வரும். நீண்ட கடவுச்சொற்கள், தவறி முயலும் முகவரிகளைத் தடுக்கும் நிரல், தேவையில்லாத நாடுகளுக்கான அழைப்பை முற்றாக மூடிவிடல், வழங்குநரிடம் செலவு எல்லை விதித்துக்கொள்ளல் ஆகியவை அடிப்படைக் காப்புகள். மூடிய மென்பொருள் பாதுகாப்பானது என்ற விற்பனைப் பேச்சை 2023 மார்ச்சில் நிகழ்ந்த 3சீஎக்ஸ் விவகாரம் பொய்ப்பித்தது. அக்கம்பனியின் மேசைக்கணினிச் செயலியே நச்சுநிரலுடன் வாடிக்கையாளர்க்கு விநியோகமாயிற்று. திறந்த மென்பொருள் தானாகவே பாதுகாப்பளிக்கும் என்ற மறுபக்க நம்பிக்கையும் ஏற்கத்தக்கதன்று. 2025 ஓகஸ்ரில், அஸ்ரெறிஸ்க்குக்கு நிர்வாக முகப்பாக அமையும் ஃபிரீபிபிஎக்ஸின் முகப்பை இணையத்திற்குத் திறந்து வைத்திருந்தோர் தாக்குதலுக்குள்ளாயினர்.

7

1919இன் இயக்குநரை ஒட்டுக்கேட்ட மேற்பார்வையாளரை மேலே மனங்கொள்ளுமாறு கூறியிருந்தோம். அஸ்ரெறிஸ்க்கில் அவருக்குரிய இடம் ஒரு கட்டளையாக அமைந்துள்ளது. சான்ஸ்பை என்பது அதன் பெயர். 'ஒற்று' என்ற சொல்லை அதனை எழுதியோர் மறைக்க முற்படவில்லை என்பது பாராட்டத்தக்கது. வணிக முறைமைகள் அதே வசதியைத் 'தர உறுதிப்பாடு', 'பயிற்றுவிப்பு' என்றெல்லாம் பெயரிட்டு விற்கின்றன. இக்கட்டளையால் நடைபெறும் உரையாடலை இரு தரப்பும் அறியாமற் கேட்கலாம். ஊழியருக்கு மட்டும் கேட்குமாறு காதோரம் கிசுகிசுக்கலாம். இடைபுகுந்து இருவருடனும் பேசலாம்.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவ முகாமைத்துவம் வேலையைத் திட்டமிடும் அறிவை அதனைச் செய்யும் கரங்களிலிருந்து பிரித்தெடுப்பதை விளக்கினார். அழைப்பு நிலையங்களில் இப்பிரிப்பு பேச்சு வரை வந்துள்ளது. உரையாடலின் வசனங்கள் திரையில் எழுதப்பட்டுள்ளன. அடுத்த அழைப்பைப் பொறி தெரிவு செய்கின்றது. ஊழியரிடம் எஞ்சுவது குரல் மட்டுமே. வரிசைப் பதிவேடு எனப்படும் கோப்பில் ஒவ்வோர் அழைப்பும் எத்தனை செக்கன் காத்திருந்தது, எவர் எடுத்தார், எத்தனை செக்கன் பேசினார் என்பன வரிவரியாகப் பதியப்படுகின்றன. ஊழியர் தம்மை 'இடைநிறுத்தம்' என்ற நிலைக்கு மாற்றும் கணமும் மீளும் கணமும் தனி வரிகள். மலசலகூடத்திற்குச் சென்றுவந்த நேரத்தை இவ்விரு வரிகளின் வித்தியாசமாகக் கணிக்கலாம்.

இக்கோப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் நிர்வாகியின் கையில் உள்ளது. அவர் கூலி பெறும் ஊழியர். ஆயின் ஏனைய ஊழியர்களின் குரலுக்கும் நேரத்துக்கும் காவலராக முகாமைத்துவம் அவரை நிறுத்தியுள்ளது. தொழிற்சங்கங்கள் இதுவரை இவ்விடயத்தைப் பெரும்பாலும் 'தொழில்நுட்பம்' என ஒதுக்கிவிட்டன. மூலநிரல் திறந்திருக்கும் முறைமையில் ஒட்டுக்கேட்கும் கட்டளையை இன்னாருக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தலாம்; அது பயன்படும் ஒவ்வொரு தடவையும் யார், எப்பொழுது, எவரைக் கேட்டார் என்று தனிப் பதிவேட்டில் எழுதச் செய்யலாம்; கேட்கத் தொடங்குமுன் ஊழியரின் காதில் ஒரு தொனி ஒலிக்கவும் செய்யலாம். எல்லாம் சில வரிகளே. அவ்வரிகளைக் கூட்டு உடன்படிக்கையின் ஒரு பிரிவாக எழுதிக் கேட்பதற்கு, அழைப்பு வழிப்படுத்தும் கோப்பை வாசிக்கத் தெரிந்த ஒருவராவது சங்கத்தின் பக்கத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். மாதவாடகைக்கு எடுக்கப்படும் 'முகில்' இணைப்பகங்களில் அக்கோப்பு வாடகைதாரருக்குக் காட்டப்படுவதில்லை. அங்கே கோரிக்கையை அலுவலக முகாமையாளரிடம் அன்றி வேறொரு கண்டத்திலுள்ள கம்பனியிடமே முன்வைக்க நேரும்.